கோலிசோடா, இட்டேரி, வெள்ளாடு: திருச்செங்கோட்டில் நான்கு நாள்

முதல் நாள்

சொந்த ஊர் மாயவரம் பக்கம். மூன்று வருடமாகத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். கொங்குத் தமிழ் வந்துவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன வருடம் எழுத்தாளர் பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ நாவலைக் கையில் எடுத்தபோதுதான், எனக்கு வந்திருப்பது ‘ஏனுங்க’வும் ‘சாப்ட்டீங்களா’வும் மட்டும் என்று தெரிந்தது. பத்துப் பக்கத்துக்கு மேல் ஓடவில்லை. ஆடு தெரிகிறது, பையன் தெரிகிறான், அவன் நிற்கிற இடம் தெரியவில்லை. பட்டி, படல், இட்டேரி, மேட்டாங்காடு. வாய்க்காலும் வரப்புமாக வளர்ந்தவனுக்கு இதெல்லாம் வேற்று நாடு. மூடி வைத்துவிட்டேன்.

மூடின புத்தகம் அலமாரியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தது. இந்தச் சித்திரையில் கம்பெனியில் நான்கு நாள் லீவு விட்டார்கள். திருவிழாவெல்லாம் ஒன்றுமில்லை, ஆர்டர் இல்லை. கூட வேலை பார்க்கும் நண்பருக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம் தோட்டத்து வீடு. “எங்கூட்டுக்கு வாங்க, நாலு நாள் இருந்துட்டுப் போலாம்” என்றார். சரி என்று கிளம்பினேன். பையில் இரண்டு சட்டை, ஒரு நோட்டு, பாதியில் விட்ட அந்தப் புத்தகம்.

ஒன்றை முதலிலேயே முடிவு செய்துகொண்டேன். எழுத்தாளரின் வீட்டைத் தேடிப் போவதில்லை. நன்றாக இருந்து எழுதிக்கொண்டிருக்கும் மனிதரின் வாசலில் போய் நின்று போட்டோ எடுப்பது எனக்குக் கூச்சமான காரியம். அவர் எழுதின ஊரைப் பார்க்கலாம். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஈரோட்டில் பஸ் மாற வேண்டியிருந்தது. டீ குடிக்கும்போது நண்பரிடம், பெருமாள்முருகன் இளங்கலைத் தமிழ் படித்தது இந்த ஊர்ச் சிக்கய்ய நாயக்கர் கல்லூரியில்தான் என்று சொன்னேன். அதற்கப்புறம் முதுகலைக்குக் கோவை பூ.சா.கோ. கலைக் கல்லூரி, ஆராய்ச்சிக்குச் சென்னைப் பல்கலைக்கழகம். “அப்ப தெனம் இந்த பஸ்ஸுலதான் வந்திருப்பாருங்கொ” என்றார் நண்பர். வந்திருக்கலாம். நாங்கள் ஏறின பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூன்று காலேஜ் பையன்கள் நின்றார்கள். மூவரும் போனுக்குள் இருந்தார்கள்.

காவிரிப் பாலம் தாண்டினால் பள்ளிபாளையம். ஆற்றில் தண்ணீர் கொஞ்சம்தான். எங்கள் ஊருக்கு வந்து சேரும் அதே ஆறு என்று நம்ப ஒரு நிமிடம் ஆனது. ஆற்றை விட்டு நான்கைந்து கிலோமீட்டர் போனதும் பூமி வெளுத்துவிடுகிறது. பனை, பாறை, இடையில் தறிச்சத்தம். திருச்செங்கோடு நெருங்க நெருங்க, வரிசையாக நிற்கும் ரிக் வண்டிகள். ஆழ்துளைக் கிணறு போடும் லாரிகளுக்குப் பேர்போன ஊர் இது. வடக்கே எத்தனையோ மாநிலங்களுக்குப் போய் போர் போட்டுவிட்டு வருகிறவர்கள் இங்கே வீட்டுக்கு ஒருவர் இருப்பார் போல. சொந்த மண்ணில் தண்ணீர் இல்லாததால்தான் தோண்டக் கற்றுக்கொண்டார்கள் என்று நண்பர் பெருமையாகவும் இல்லாமல் வருத்தமாகவும் இல்லாமல் சொன்னார்.

நண்பரின் அப்பா கயிற்றுக் கட்டிலை இழுத்துப்போட்டு, “ஒறம்பரை வந்திருக்குது, மோர் கொண்டா” என்று உள்ளே குரல் கொடுத்தார். நோட்டில் முதல் சொல்: ஒறம்பரை. விருந்தாளி. ‘உறவின்முறை’ தேய்ந்து இப்படி ஆகியிருக்குமோ என்று படுத்துக்கொண்டே யோசித்தேன். எனக்குப் பாதித் தூக்கம் இப்படித்தான் போகும்.

இரண்டாம் நாள்

காலையில் கூட்டப்பள்ளி. திருச்செங்கோட்டை ஒட்டிய ஊர். 1966இல் பெருமாள்முருகன் பிறந்தது இங்கே. பெயரை ஒரே பெயராக நினைத்துவிடுகிறோம். பெருமாள் அவருடைய அப்பா, இவர் முருகன். அம்மாவின் பெயர் பெருமாயி. அம்மாவைப் பற்றி ‘தோன்றாத் துணை’ என்று தனி நூலே எழுதியிருக்கிறார். கொங்கு விவசாயக் குடும்பத்துப் பெண் ஒருத்தி விடிவதற்கு முன்னால் தொடங்கி இருட்டின பிறகும் என்னென்ன வேலை செய்வாள் என்று தெரிந்துகொள்ள வேண்டுமென்றால், நாவல்களுக்கு முன் அதைப் படிக்கலாம் என்பேன்.

கூட்டப்பள்ளியில் இன்று கண்ணில் படுவது காலனி. வரிசை வீடு, வாசலில் ஸ்கூட்டி, மாடியில் சின்டெக்ஸ். பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் 1991இல் வந்த அவருடைய முதல் நாவலான ‘ஏறுவெயில்’ சொல்வது இதைத்தான். குடியிருப்பு கட்ட நிலத்தை எடுத்துக்கொள்கிறார்கள். பணம் வருகிறது. காட்டில் வாழ்ந்த குடும்பம் ஊரோரம் வந்து விழுகிறது. அப்புறம் ஒவ்வொருவராகக் கெடுகிறார்கள். எழுதும்போது அவருக்கு இருபத்தைந்து வயதிருக்கும். அந்த வயதில் முதல் நாவல் எழுதுகிறவர்கள் காதலை எழுதுவார்கள், இல்லாவிட்டால் தன்னை எழுதுவார்கள். இவர் ஒரு காடு காணாமல் போனதை எழுதினார்.

காலனி முனையில் வேலி இல்லாமல், வீடும் இல்லாமல் ஒரு துண்டு நிலம் கிடந்தது. நடுவில் ஒற்றைப் பனை. அடியில் குப்பை கொட்டியிருந்தார்கள். கொஞ்ச நேரம் நின்றேன். எதிர்வீட்டு அம்மா வந்து, “எடம் பாக்க வந்தீங்களா? அது கேசுல கெடக்குதுங்க” என்றார். இல்லைங்க, சும்மா என்றேன். சும்மா யாராவது வெயிலில் நிற்பார்களா என்ற பார்வையோடு உள்ளே போய்விட்டார்.

மதியத்துக்கு மேல் சோடா.

பெருமாள்முருகனின் அப்பா திருச்செங்கோட்டில் ஒரு சினிமா தியேட்டரில் சோடாக்கடை வைத்திருந்தார். பையன் அங்கேதான் வளர்ந்தான். இரண்டாவது நாவல் ‘நிழல்முற்றம்’ (1993) அந்தத் தியேட்டருக்குள்ளேயே நடக்கிறது. சோடா விற்கும் பையன்கள், அவர்களுடைய தூக்கம், பசி, பீடி, சண்டை. சின்ன நாவல். படிக்கும்போது ஒரு நாற்றம் அடிக்கும். குறையாகச் சொல்லவில்லை. பின்னால் ‘நிழல்முற்றத்து நினைவுகள்’ என்று அந்தத் தியேட்டர் நாட்களைக் கட்டுரைகளாகவும் எழுதினார். ஒரே சரக்கைக் கதையாக ஒருதரம், நினைவாக ஒருதரம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் எழுத்துத் தொழில் கொஞ்சம் பிடிபடும்.

நண்பரின் அப்பாவிடம், பழைய சோடாக்காரர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். மார்க்கெட் பக்கம் ஒரு சந்துக்கு அனுப்பினார். எழுபது தாண்டிய பெரியவர். இப்போது பாக்கெட் தண்ணீரும் கூல்டிரிங்ஸும் விற்கிறார். கோலிசோடா மட்டும் ஆசைக்கு ஒரு பெட்டி வாங்கி வைக்கிறாராம்.

ஒரு பாட்டிலை எடுத்துக் கையில் கொடுத்தார். இத்தனை வருடம் குடித்திருக்கிறேன், ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை. கனத்த பச்சைக் கண்ணாடி. கழுத்தைப் பிடித்து நசுக்கினதுபோல ஒரு இடுக்கு. இடுக்குக்கு மேலே ஒரு பக்கம் மட்டும் இரண்டு குழி. வாயின் உள்விளிம்பில் ரப்பர் வளையம். தண்ணீரை ஊற்றி, பாட்டிலை மிஷின் கூண்டில் வைத்துத் தலைகீழாகச் சுற்றி கேஸ் ஏற்றுவார்களாம். கவிழ்ந்த பாட்டிலில் குண்டு தானாக வாய்க்கு உருண்டு வரும். உள்ளேயிருந்து கேஸ் தள்ள, ரப்பரில் போய் ஒட்டிக்கொள்ளும். மூடியே வேண்டாம். உள்ளே இருக்கிற கோபமே மூடி. அந்த இரண்டு குழி எதற்கென்றால், குடிக்கும்போது குண்டு அதில் போய் உட்காரும், வாயை வந்து அடைக்காது. குழி இருக்கிற பக்கத்தைக் கீழே வைத்துச் சாய்க்க வேண்டும். நான் நாற்பது வருடமாக மேலே வைத்துக் குடித்து, குண்டோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

“ஏத்தறப்ப சில பாட்டல் வெடிக்குமுங்க” என்று முழங்கையைத் திருப்பிக் காட்டினார். பழைய தழும்பு. “சாக்கக் கைல சுத்திக்குவோம். அப்படியும் ஒண்ணு ரெண்டு தப்பாது.”

தியேட்டரைப் பற்றிக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

“இன்ட்ரவல் உட்டா பத்து நிமிசமுங்க. அதுக்குள்ளாற பொட்டி காலியாகோணும். ஓப்பனர வெச்சு பாட்டல் மேல ஒரு இழுப்பு இழுப்போம் பாருங்க, கிர்ர்ருனு. பாட்டு நல்லாருந்தா எவனும் வாங்க மாட்டான். அழுவாச்சிப் படமுன்னா நல்லா ஓடும்.”

“ஏனுங்க அப்படி?”

“அழுதா தாகமெடுக்குமில்ல.”

விற்பதைவிடக் காலிப் பாட்டிலைப் பொறுக்குவதுதான் பெரிய பாடாம். படம் மறுபடி ஓட ஆரம்பித்திருக்கும். இருட்டில் பெஞ்சுக்கு அடியில் குனிந்து, காலுக்குக் கால் தடவித் தேட வேண்டும். ஒரு பாட்டில் குறைந்தால் பையன் கூலியில் பிடிப்பார்கள். திரையைப் பார்க்காமல், கீழே குனிந்து சனங்களின் காலைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த பையன் என்ன எழுதுவான்? எனக்கு அந்த நாவலில் ஏன் படங்களைவிடத் தரை அதிகம் வருகிறது என்பது சந்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் பிடிபட்டது.

கட்டைவிரலால் நானே உடைக்கிறேன் என்று வாங்கினேன். முதல் அமுக்கில் குண்டு அசையவில்லை. இரண்டாவதில் பாதி சோடா சட்டையில். பெரியவர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். இஞ்சி வாசனையோடு வீடு திரும்பினேன். அந்த நாவல் எழுதினவரின் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். “நம்ம சோடாக்காரர் பையன்னு யாரோ புஸ்தகம் போட்டிருக்காருன்னு சொல்லுவாங்க. நான் படிச்சதில்லீங்க” என்றார்.

இரவு நண்பரின் அப்பா ரேடியோ போட்டார். பேச்சு அதில் திரும்பியது. பெருமாள்முருகன் பள்ளிக்கூடப் பையனாகத் திருச்சி வானொலியின் சிறுவர் நிகழ்ச்சிக்குப் பாட்டு எழுதி அனுப்பியவர். கூட்டப்பள்ளி மாதிரி ஊரில் எழுத்து வெளியே போக இருந்த வழி ஒரு தபால்பெட்டி, திரும்பி வர ஒரு ரேடியோ. சென்னைக்குப் போன பிறகுதான் ‘மன ஓசை’ மாதிரி இடதுசாரிச் சிற்றிதழ்களின் சேர்க்கை. அங்கே கதைகள் எழுதினார்.

மூன்றாம் நாள்

விடியற்காலையில் மலை ஏறினேன். 1,200க்கும் மேல் படி. மேலே வரை ரோடு இருக்கிறது, நண்பர் பைக்கில் வருகிறேன் என்று தூங்கப் போய்விட்டார். பாதி வழியில் பாறையிலேயே செதுக்கின பெரிய பாம்பு, உடம்பெல்லாம் குங்குமம். அறுபதாம் படியில் நின்று சத்தியம் செய்தால் அந்தக் காலத்தில் வழக்கே தீர்ந்துவிடுமாம். மேலே அர்த்தநாரீசுவரர், ஆண்பாதி பெண்பாதி. மாதொருபாகன்.

அந்தப் பெயரில் 2010இல் வந்த நாவலை எல்லாருக்கும் தெரியும். குழந்தையில்லாத தம்பதி காளி, பொன்னாவின் கதை. 2014 கடைசியில் எதிர்ப்புக் கிளம்பி, 2015 ஜனவரியில் ‘எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான்’ என்று அவரே அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லி, எழுதச் சொன்னது. மறுபடி எழுதினார். இதற்குமேல் இதை எழுத எனக்கு விருப்பமில்லை. நண்பரின் வீட்டில் பேச்செடுத்தபோது அப்பா, “அதெல்லாம் இப்ப எதுக்குங்க தம்பி” என்று எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார். அதுவும் ஒரு பதில்தான்.

ஒன்று மட்டும். 2015இல்தான் அவரைக் கேள்விப்பட்டவர்கள் நிறைய. அதற்குள் அவர் இருபது வருடத்துக்கு மேல் எழுதியாகிவிட்டது. நாமக்கல் அரசுக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டு, வட்டாரச் சொற்களைச் சேர்த்துக்கொண்டு, யாரும் பெரிதாகக் கவனிக்காத வருடங்கள் அவை. என் பயணம் அந்த வருடங்களுக்குள்தான்.

மேலிருந்து பார்த்தால் ஊர் முழுக்கத் தகரக்கூரை. தறிச்சத்தம் அவ்வளவு உயரத்துக்கும் கேட்கிறது. முழங்கால் வலியில் மதியம் முழுக்கத் தூங்கினேன்.

நான்காம் நாள்

காலையில் தெளுவு. எங்கள் பக்கம் பதநீர் என்போம். பனையோலைப் பட்டையில் ஊற்றிக் கொடுத்தார்கள். இரண்டாவது பட்டைக்குக் கை நீட்டினபோது நண்பரின் அம்மா, “மெல்லக் குடிங்க கண்ணு, வகுறு பேசும்” என்றார். பேசியது.

அப்புறம் இட்டேரிக்குப் போனோம். எந்தச் சொல்லில் புத்தகத்தை மூடினேனோ அந்தச் சொல். அகராதியில் பார்த்தால் ‘இருபுறமும் வேலியுள்ள வண்டிப்பாதை’ என்ற மாதிரி ஒரு வரியில் முடிந்துவிடும். உள்ளே நடந்தால்தான் தெரிகிறது, அது பாதை மட்டும் இல்லை. இரண்டு பக்கமும் கிளுவையும் கள்ளியும் முள்ளும் ஆள் உயரத்துக்கு. அதன்மேல் கோவைக்கொடியும் பிரண்டையும். நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அகலம். வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே கொஞ்சம் நிழல். ஓணான் ஓடுகிறது. வேலிக்குள் கவுதாரி கத்துகிறது, ஆள் தெரியவில்லை. ஆட்டுக்காரப் பையன்கள் ஏன் நாளெல்லாம் இதற்குள்ளேயே கிடக்கிறார்கள், ஒளிகிறார்கள், திருட்டுத் தேங்காய் தின்கிறார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. வேறு நிழல் எங்கே இருக்கிறது?

முந்நூறு அடி நடந்திருப்போம். தார் ரோடு வந்துவிட்டது. முன்பெல்லாம் இதே இட்டேரி அடுத்த ஊர் வரைக்கும் போகுமாம்.

பெருமாள்முருகன் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது ஆர். சண்முகசுந்தரத்தின் எழுத்து. 1942இல் ‘நாகம்மாள்’ எழுதி, கொங்குக் குடியானவரின் பேச்சை நாவலுக்குள் கொண்டுவந்தவர் அவர். அடுத்து, கொங்கு வட்டாரச் சொல்லகராதி. அது வெளிவந்தது 2000இல். ‘கூளமாதாரி’ வெளிவந்ததும் அதே 2000இல். இதை நான் நேற்று இரவுதான் கவனித்தேன், கவனித்தபின் தூங்க முடியவில்லை. ஒரு கையால் சொற்களைப் பட்டியல் போட்டுப் பொருள் எழுதியிருக்கிறார். மறு கையால் அதே சொற்களை, பொருள் எதுவும் சொல்லாமல், ஒரு மாதாரி, அதாவது அருந்ததியர் சாதிப் பையனின் பின்னால் மேய விட்டிருக்கிறார். எனக்கு இரண்டும் ஒரே வேலையாகத்தான் படுகிறது. நம்மைப் போன்றவர்களுக்குப் புரியவேண்டுமே என்று நாவலில் அவர் எங்கேயும் குனியவில்லை. அதனால்தான் பத்தாம் பக்கத்தில் நான் விழுந்தேன். அப்போது கோபம் வந்தது. இன்றைக்கு, அவர் குனியாததுதான் சரி என்று தோன்றுகிறது. வ. கீதா அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய், அந்த மொழிபெயர்ப்பு 2005இல் கிரியாமா என்ற சர்வதேச இலக்கியப் பரிசின் இறுதிப் பட்டியல் வரைக்கும் போனது. இட்டேரியை அங்கே எப்படிச் சமாளித்தார்களோ.

நாவலின் கூளையன் கவுண்டர் வீட்டுப் பண்ணையத்தில் வருடக் கூலிக்கு ஆடு மேய்க்கிறவன். பையனின் உழைப்புக்கான தானியமும் பணமும் அவன் கைக்கு வராது, அப்பன் ஏற்கெனவே வாங்கியிருப்பான். கவுண்டர் மகன் செல்வனும் இவனும் சேர்ந்துதான் விளையாடுகிறார்கள், சேர்ந்துதான் நீந்துகிறார்கள். ஆனால் கஞ்சி ஊற்றுகிற பாத்திரம் வேறு. நண்பரின் வீட்டுக் கட்டுத்தரைச் சுவரில் பழைய அலுமினியத் தட்டு ஒன்று ஆணியில் தொங்கியது. யாருடையது என்று கேட்டேன். “அது அந்தக் காலத்துல பண்ணையத்தாளுக்கு வெச்சிருந்தது” என்றார் நண்பர். அவர் அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. ஏன் இன்னும் தொங்குகிறது என்று நானும் கேட்கவில்லை.

மூன்று மணிக்கு மேட்டாங்காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு ஆயாவைப் பார்த்தோம். வேலா மரத்தடி, கையில் தொரட்டி. கடலை பிடுங்கின காட்டில் எட்டு வெள்ளாடு. கூளமாதாரியை எடுத்து, வெள்ளாடு வருகிற ஒரு பக்கத்தை வாசித்துக் காட்டினேன். முதலில் காது கொடுக்கவில்லை. ஆட்டை அதட்டுகிற இடம் வந்ததும் சட்டென்று திரும்பினார்.

“அப்படிச் சொல்லக் கூடாது சாமி. நீ சொன்னா ஆடு சிரிக்கும்.” நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஒரு சத்தம் எழுப்பினார். அதற்கு எழுத்து கிடையாது. எட்டுத் தலையும் ஒன்றாக நிமிர்ந்தன.

“இதையெல்லாமா புஸ்தகத்துல போடுவாங்க?”

“போட்டிருக்காருங்க ஆயா. உங்க பக்கத்து ஊர்க்காரர்தான்.”

“அவரு ஆடு மேச்சிருக்காரா?”

பண்ணையம் பார்த்த வீட்டுப் பிள்ளைதான் என்றேன். கொஞ்சம் யோசித்தார். “அப்படீன்னா செரி. எம்பட ஆட்டையும் எழுதிக்கோ.”

நோட்டை எடுத்தேன். தொரட்டியை நீட்டி ஒவ்வொன்றாகக் காட்டினார். மூளி. செவலை. கொம்பி. நொண்டி, இப்போது நொண்டுவதில்லையாம், பேர் மட்டும் நின்றுவிட்டது. வெள்ளச்சி. வெள்ளச்சியின் மகள் கரிச்சி. கழுத்தில் மணி கட்டினது கெடா, அதற்குப் பேர் இல்லை, ஆடிக்கு வெட்டிவிடுவார்கள். எட்டாவது குட்டி பிறந்து நாலு நாள்தான் ஆகிறது. அதற்கு என்ன பேர் என்று கேட்டேன்.

“நடக்கட்டும், பாக்கலாம்” என்றார்.

திருப்பூர் பஸ்ஸில் பதினோராம் பக்கத்தைப் பிரித்தேன்.